அப்பாவின் மடியில் இருந்த மஞ்சள் பை

இது நடந்து இரண்டு வருடமாகிறது. ஓர் ஏப்ரல் மாதம், பெல்ஜியத்திலுள்ள புரூஜ் நகரில். தெருவுக்குத் தெரு கால்வாய் ஓடும் பழைய ஊர் அது. படங்களில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்த ஊரின் பெயரைக் கேட்டால் கால்வாய்கள் பிறகுதான் ஞாபகத்துக்கு வரும். முதலில் வருவது ஒரு மஞ்சள் பை.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து பாரிசுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. அப்பா ஐந்தாம் வகுப்போடும், அம்மா அதற்கும் முன்னாலேயும், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படிப்பை விட்டவர்கள். வந்த ஒரு வருடத்துக்குள் எனக்குப் பிரெஞ்சு வாயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற கடிதமெல்லாம் என் கைக்குத்தான் வரும். பொபினி அரச அலுவலகத்தில் வதிவிட அட்டை புதுப்பிக்கப் போனால், கவுண்டரில் குதிக்காலை உயர்த்தி நின்று பேசுகிறவன் நான்தான். பத்து வயதில் அப்பா எனக்கு ஒரு நீலக் கோப்பு வாங்கித் தந்தார். மூன்று பேருடைய பத்திரங்களும் அதற்குள்தான். அதன் பிறகு பதினாறு வருடமாக அந்தக் கோப்பை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை.

படிப்பு முடிந்து எனக்கு ஓர் அலுவலகத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. எங்கள் பரம்பரையிலேயே கதிரையில் இருந்து வேலை செய்கிற முதல் ஆள் நான். அப்பா ஓர் உணவகத்தின் குசினியில் பாத்திரம் கழுவியும் மரக்கறி வெட்டியும் நின்றபடியே காலத்தைக் கழித்தவர். அம்மாவுக்கு ஒபர்வில்லியேயில் ஒரு கிடங்கில் உடுப்பு மடித்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. இருவரும் விடுமுறை என்று எங்குமே போனதில்லை. அதனால் மூவருக்குமாக ஒரு கப்பல் பயணம் பதிவு செய்தேன். லு ஹாவ்ர் துறைமுகத்தில் ஏறி, பெல்ஜியம், ஒல்லாந்து என்று சுற்றி ஆறாம் நாள் திரும்புவது.

புறப்படுகிற அன்று, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நாங்கள் சாமான் வாங்கும் பலசரக்குக் கடையின் மஞ்சள் பையில் பருத்தித்துறை வடையும் மிக்சரும் போட்டு அம்மா தயாராக வைத்திருந்தார். பையில் கடையின் பெயர் தமிழில் பெரிதாக, கீழே தொலைபேசி எண். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு கூசியது.

"அப்பா, கப்பலுக்கு எல்லாரும் நல்ல பையோடை வருவினம். இது வேண்டாம்."

"சாப்பாடு உள்ளுக்கைதானே கிடக்கு. பை ஆருக்கு என்ன செய்யப் போகுது?"

அம்மா இடையில் புகுந்தார். "படிச்ச பிள்ளைக்கு வெக்கமாக் கிடக்கு. எழுத்தை உள்பக்கமாத் திருப்பிப் பிடியுங்கோப்பா. முடிஞ்சுது அலுவல்."

அப்பா அப்படியே செய்தார். நான் பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் எழுத்துப் பக்கம் அவருடைய காலோடு ஒட்டிக் கிடக்கும்.

கப்பலில் ஏறியதும் ஆளுக்கோர் அட்டை தந்தார்கள். அறைக் கதவைத் திறக்க, கரைக்கு இறங்க, திரும்பி ஏற, எல்லாவற்றுக்கும் அந்த அட்டைதான். மூன்றையும் வாங்கி நீலக் கோப்பில் போட்டேன். யோசித்துச் செய்ததில்லை. பழக்கம்.

முதல் இரவே அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் கப்பல் பெல்ஜியத் துறைமுகத்தில் நின்றபோதும் தலை சுற்றுகிறது என்று படுத்திருந்தார். "நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ. நான் நித்திரை கொள்ளுறன்" என்றார். அம்மாவின் போனில் சார்ஜ் நிற்பதில்லை என்று அப்பா தன் போனை அவருடைய தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தார். இறங்குகிற வாசலில் அப்பாவின் அட்டையைக் காட்டிவிட்டுத் திரும்பவும் கோப்புக்குள் வைத்துக்கொண்டேன். அம்மாவின் அட்டையும் அதற்குள்தான் இருந்தது. அம்மா வெளியே எங்கே போகப் போகிறார் என்று நினைத்திருப்பேன்.

துறைமுகத்திலிருந்து நகரத்துக்குக் கப்பல்காரர்களின் பஸ். கடைசி பஸ் நாலரைக்குத் திரும்பும், ஐந்தரைக்குள் எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

புரூஜில் கால்வாய்ப் படகில் ஏறப் பெரிய வரிசை. அப்பாவுக்கு முழங்கால் வலி. ஒரு பாலத்தடியில் இருந்த வாங்கு இருக்கையில் அவரை இருத்தி, "நான் டிக்கெட் எடுத்துக்கொண்டு வாறன். இந்த இடத்தை விட்டு அசையாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனேன். சிறு பிள்ளைக்குச் சொல்வது போலத்தான் சொன்னேன்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது வாங்கு வெறுமையாகக் கிடந்தது.

முதலில் பயமில்லை, எரிச்சல்தான் வந்தது. பக்கத்துத் தெருக்களைப் பார்த்தேன், தேவாலயத்துக்குள் போய்ப் பார்த்தேன். அந்த ஊரில் ஒவ்வொரு பாலமும் மற்றப் பாலத்தைப் போலவே இருக்கிறது. அதே கல், அதே வளைவு, அதே அன்னங்கள். அப்பாவின் போனுக்கு எடுத்தால் அது கப்பலில் அடிக்கிறது. அம்மாவும் எடுக்கவில்லை. நித்திரை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்குச் சுற்றுலாத் தகவல் நிலையத்துக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் நிதானமாகக் கேட்டாள். அவரிடம் போன் இருக்கிறதா? இல்லை. அடையாள அட்டை? என்னிடம் இருக்கிறது. கப்பல் அட்டை? அதுவும் என்னிடம். கப்பலின் பெயராவது அவருக்குத் தெரியுமா?

தெரியுமா என்று நான் கேட்டதே இல்லை. மேசையில் கோப்பைத் திறந்தபடி நின்றேன். அப்பாவும் அம்மாவும் படங்களிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் குற்றமாக எதுவும் சொல்லவில்லை. "எல்லாமே உங்களிடம்தான் இருக்கிறது" என்று மட்டும் மெல்லச் சொன்னாள்.

அவள் பொலிசுக்கு அறிவித்தாள். நான் மறுபடியும் தெருவில் இறங்கினேன். நாலு மணியானது. அப்பாவை விட்டுவிட்டு நான் போக முடியாது. போகாவிட்டால் கப்பல் அம்மாவோடு ஒல்லாந்துக்குப் போய்விடும். அவருக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது, கையில் ஓர் அட்டை கூட இல்லை. ஒரு பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இருபத்தாறு வயதில், ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

அப்போதுதான் போன் அடித்தது. பாரிஸ் எண்.

"தம்பி, கடையிலிருந்து கதைக்கிறன்." லா சப்பல் பலசரக்குக் கடை முதலாளியின் குரல். "உம்மடை அப்பா பெல்ஜியத்திலை நிக்கிறாராம். நீர் எங்கை நிக்கிறீர்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ஒரு தெருவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். ஓடினேன்.

அங்கே ஓர் உணவகத்தின் பின்வாசலில், கவிழ்த்து வைத்த பெட்டியில் அப்பா இருந்தார். கையில் தேத்தண்ணி. பக்கத்தில் வெள்ளைக் குசினி உடுப்போடு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர்.

"எங்கையப்பா போனீங்கள்?" என்று கத்திவிட்டேன்.

"நான் எங்கையும் போகேல்லை தம்பி. ஒண்டுக்குப் போட்டு வந்து அதிலையே இருந்தனான். அசையாதேங்கோ எண்டு நீதானே சொன்னனீ."

நடந்தது இதுதான். கழிப்பறை தேடிப் போனவர் திரும்பும்போது வேறு பாலத்துக்கு வந்துவிட்டார். அங்கேயும் ஒரு வாங்கு இருந்தது. இதுதான் என்று நினைத்து இருந்துவிட்டார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், யாரிடமும் எதுவும் கேட்காமல், நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு. நான் பக்கத்தில் இல்லாததால் மடியில் இருந்த பையின் எழுத்துப் பக்கம் வெளியே தெரிந்திருக்கிறது. இந்த மனிதர் வேலை இடைவேளையில் சிகரெட் பிடிக்க வெளியே வந்தவர். தமிழ் எழுத்தைக் கண்டதும் கிட்டப் போய், "அண்ணை, பாரிசோ?" என்று கேட்டிருக்கிறார்.

என் எண் அப்பாவுக்கு மனப்பாடமில்லை. பையில் இருந்த எண்ணுக்கு அந்த மனிதர் எடுத்திருக்கிறார். கடைக்காரர் "எந்த ஆள்?" என்று கேட்க, அப்பா போனை வாங்கி, "ஞாயிற்றுக்கிழமையிலை உங்கடை கடையிலை போர்ம் நிரப்பிற பெடியன்ரை தேப்பன்" என்றிருக்கிறார். ஞாயிறுகளில் அந்தக் கடையின் பின்பக்கத்தில் இருந்து, கடிதம் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நான் படிவம் நிரப்பிக் கொடுப்பதுண்டு. அதனால் என் எண் அங்கே சுவரில் ஒட்டியிருந்தது.

மணி நாலு முப்பத்தைந்து. கடைசி பஸ் போய்விட்டது. அம்மா கப்பலில் தனியாக இருப்பதைச் சொன்னேன். அந்த மனிதர் ஏப்ரனைக் கழற்றி உள்ளே எறிந்தார்.

"ஏறுங்கோ. ஆக்கள் பஸ்ஸிலை குடையை மறந்துபோட்டு வருவினம். கப்பலிலை மனிசியை விட்டிட்டு வந்த ஆளை இண்டைக்குத்தான் காணுறன்" என்றார் அப்பாவைப் பார்த்து.

அவருடைய பழைய காரில் பாதி வழி போனதும் ஒரு கால்வாய்ப் பாலம் எங்கள் முன்னால் மேலே எழும்பியது. நீளமான சரக்குப் படகு ஒன்று ஆடி அசைந்து கடந்தது. நான் மணியைப் பார்ப்பதும் பாலத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். அப்பா பையைத் திறந்து அவருக்கு வடையை நீட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவர் கடித்துத் தின்றார்.

"இரவுச் சமையலுக்கு நேரமாகுமே, முதலாளிக்கு என்ன சொன்னீங்கள் அண்ணை?" என்று கேட்டேன்.

"சொந்தக்காரர் வந்திருக்கினம், விட்டிட்டு வாறன் எண்டன். பொய்யில்லைத்தானே?"

பாலம் இறங்கியது. துறைமுக வாசலை அடைந்தபோது ஐந்து இருபத்தி மூன்று. அதற்குமேல் அவருடைய கார் போக முடியாது. காவலாளி எங்கள் அட்டைகளைப் பார்த்துவிட்டுத் துறைமுக வேன் ஒன்றில் ஏற்றினார். நான் திரும்பிப் பார்த்து நன்றி சொல்வதற்குள், "ஓடுங்கோ, ஓடுங்கோ" என்று அவர் கையை வீசினார். அப்பா வடைப் பொதியை அவருடைய கார் இருக்கையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். வெறும் பைதான் கையில்.

கப்பலுக்குள் ஏறியதும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் அம்மா இருந்தார். குளிருடுப்பு இல்லை. காலில் காலுறை மட்டும். தோளில் யாரோ ஒரு போர்வையைப் போர்த்தியிருந்தார்கள்.

"கதவு பின்னாலை பூட்டுப்பட்டிட்டுது தம்பி. கொஞ்சம் வெளியாலை எட்டிப் பாத்தனான். போனும் உள்ளுக்கை."

"எத்தினை மணிக்கு அம்மா?"

"அது... நீங்கள் போய்க் கொஞ்ச நேரத்தாலை. கப்பலிலை வேலை செய்யிற பிள்ளை ஒண்டு என்னவோ எல்லாம் கேட்டுது. எனக்கு விளங்கேல்லை. நீங்கள் வாற வாசல் இதுதானே, இஞ்சையே இருந்திட்டன்."

என்னை அவர் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அவருடைய காலடியில் குந்தியிருந்து கோப்பைத் திறந்தேன். அம்மாவின் அட்டையை அம்மாவிடமும் அப்பாவின் அட்டையை அப்பாவிடமும் கொடுத்தேன். அப்பா தன் அட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"படத்திலை கிழவன் மாதிரிக் கிடக்கிறன்."

"மாதிரியோ?" என்றார் அம்மா.

கப்பல் நகர்ந்தது எங்களுக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். நான் சிரித்தேனா அழுதேனா என்று சரியாகச் சொல்ல முடியாது.

அந்த மனிதரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. இரவு அப்பாவிடம் கேட்டேன். "பெயர் கேக்கேல்லை. ஊர் கேட்டனான். எங்கடை ஊருக்கு ரெண்டு ஊர் தள்ளி" என்றார். அவருக்கு அது போதுமாக இருந்தது.

பாரிசுக்கு வந்த வாரமே மற்றப் பத்திரங்களையும் பிரித்து ஆளுக்கொரு கோப்பில் போட்டுக் கொடுத்தேன். போன வருடம் வதிவிட அட்டை புதுப்பிக்க அம்மா தனியாகப் பொபினிக்குப் போனார். நான் கூட வருகிறேன் என்றதற்குக் கையால் மறித்துவிட்டார். முதல் தடவை ஒரு படம் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனார். வந்து, கவுண்டரில் இருந்தவள் என்ன சொன்னாள், தான் என்ன சொன்னேன் என்று ஒரு மணி நேரம் கதை சொன்னார். இத்தனை வருடமும் அந்தக் கதையைச் சொல்ல நான் அவருக்கு இடம் கொடுக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

நீலக் கோப்பு இப்போதும் என்னிடம் இருக்கிறது, என் பத்திரங்கள் மட்டும் உள்ளே கிடப்பதால் மெலிந்துபோய். ஞாயிற்றுக்கிழமை அதை மஞ்சள் பையில் போட்டு, எழுத்து வெளியே தெரியப் பிடித்துக்கொண்டு லா சப்பலில் நடக்கும்போதெல்லாம், நான் சொன்னேன் என்பதற்காக அசையாமல் இருந்த ஒரு மனிதரை அந்த எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துத் தந்த இன்னொரு மனிதரை நினைத்துக்கொள்கிறேன்.