பிலின்னாவின் கடலைக் கூடை

நாடகத்தை எடை போட ஏதென்ஸில் ஆயிரம் அறிவாளிகள் உண்டு. பிலின்னாவுக்கு அந்த ஞானமெல்லாம் வேண்டியதில்லை. தன் கூடையைப் பார்த்தால் போதும். வசந்தத் திருவிழாவில் நடிகன் சொதப்பினால் மலைச்சரிவில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு வாய் நமநமக்கும். வறுத்த கொண்டைக்கடலையும் எள்ளுருண்டையும் பறக்கும். நன்றாக நடித்தால் ஒருவன் கூடக் கடலைக்குக் கை நீட்டமாட்டான். அதனால் அவள் சரிவில் ஏறுமுன், "சாமி, இன்னிக்கும் ஒரு மட்டமான நாடகமா பாத்துப் போடு" என்று திருவிழாச் சாமி தியோனிசஸ் சிலைக்கு ஒரு கும்பிடு போடுவாள். பதினெட்டு வருடப் பிழைப்பு அப்படித்தான் ஓடியது.

அவளுக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி, எராத்தோன். அத்தித் தோட்டத்து வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துப் பணக்காரன் புரோதார்க்கஸ், எல்லைக்கல்லைப் பிடுங்கி அவன் தலையில் போட்டான். கொலை வழக்குப் போட ஆண் சொந்தம் வேண்டும். இருந்த ஒரே ஆண் சொந்தம் பெரியப்பா. அவரோ இரண்டு உழவு மாடுகளை வாங்கிக்கொண்டு, 'விட்டுக்கொடுத்தோம்' என்று சாட்சி வைத்துச் சொல்லிவிட்டு வந்தார். தூ, அதுவும் ஒரு வாய்!

பிணத்தை விடியுமுன் எடுத்தாக வேண்டும். பெண்கள் மாரடிக்கக் கூடாது, பாட்டுக் கட்டி ஒப்பாரி வைக்கக் கூடாது என்று சட்டம். "சத்தம் போடாதேம்மா, ஊர் பாக்குது" என்றார் பெரியப்பா. பிலின்னா முக்காட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள். தம்பிக்காக ஒரே ஒரு முறை வாய்விட்டு அழ வேண்டும், அது கொன்றவன் காதில் விழ வேண்டும். மூன்று வருடமாக அவள் நெஞ்சில் கிடந்தது இது ஒன்றுதான். அவனோ திருவிழா தவறாமல் கீழ்வரிசையில் உட்கார்ந்து, அவளிடமே ஆள் அனுப்பிக் கடலை வாங்கித் தின்றான்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் தெருவில் ஒரு பெரிய வீட்டு முற்றத்தில் நாடகப் பாட்டுக்குழு பழகியது. பதினைந்து பேரும் ஆண்கள், போடுவதோ பெண் வேஷம். கொலையுண்ட அரசனின் கல்லறையில் அரண்மனைப் பெண்கள் அழும் கட்டம். கடலை விற்க உள்ளே போன பிலின்னாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்க்கா சிரிக்கிறீங்க?" என்று கேட்டான் குழுத்தலைவன் பம்பிலஸ். தோல் பதனிடுகிறவன், முரட்டு ஆள்.

"சிரிக்காம? செத்தவனுக்கு அழறீங்களா, மீன் ஏலம் போடறீங்களா?"

"அப்ப நீங்கதான் அழுது காட்டுங்களேன்."

"சட்டம் இருக்கே தம்பி."

"அதெல்லாம் சாவு வீட்டுல. இது நாடகம்க்கா. இங்க சாமியையே திட்டலாம்."

பிலின்னா கூடையைக் கீழே வைத்தாள். முக்காட்டை இழுத்து எறிந்தாள்.

"எல்லைக்கல் மேல ரத்தம் மழை பேஞ்சும் போகலையே,
வாசல் நாய் உன் செருப்ப மோந்துகிட்டுக் கெடக்குதே,
அடிச்சவன் வீட்டடுப்புல ஆட்டுக்கறி வேகுதே,
அழுதனுப்ப ஆளில்லாம என் ஆண்பிள்ள போறானே!"

அழுது முடித்தபோது, நாடகம் எழுதியவர் தூணோரம் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"ராசாவைக் கோடாலியால வெட்டினதா எழுதியிருந்தேம்மா. கல்லாவே மாத்திடறேன். இந்தப் பாட்டை எனக்குத் தருவீங்களா?"

"எடுத்துக்குங்க. ஆனா ஒரு வார்த்தை கூடக் குறையக் கூடாது."

"யாருக்கும்மா அழுதீங்க? அவர் பேரு?"

"ராசா பேரே இருக்கட்டும். கேக்க வேண்டியவனுக்கு யாருன்னு தெரியும்."

திருவிழாவின் முதல் நாள் வேறொருவர் நாடகம். அந்தப் புண்ணியவான் தயவில் மூன்று கூடை காலி. மறுநாள் காலை இவர்கள் முறை. பிலின்னா நிறைகூடையோடு சரிவின் உச்சியில், படிக்கட்டு முடியும் இடத்தில் நின்றாள். பதினைந்து முகமூடிகள் மாரில் அறைந்தபடி வந்தன. பம்பிலஸ் குரலெடுத்தான். அவள் குரல்தான் அது, பதினைந்து தொண்டையில்! சரிவு முழுக்கச் சனம். மெல்லுகிற சத்தம் கூட இல்லை.

'எல்லைக்கல்' என்ற சொல் வந்ததும் புரோதார்க்கஸின் கை, முதல் நாள் வாங்கி மீந்த கடலைப் பையிலேயே நின்றுவிட்டது. ஆட்டுக்கறி வரியை அவன் தாங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா, எழுந்துவிட்டான்.

"யோவ், உக்காருய்யா, மறைக்குது!"

"எங்கய்யா ஓடறான்?"

"கல்லுன்னதும் மூஞ்சி செத்துச்சே, பாத்தியா? அத்தித் தோட்டத்து எராத்தோன அடிச்சவன் இவன்தானே!"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேச்சு வரிசை வரிசையாக மேலேறியது. கொலைத்தீட்டு ஒட்டிவிடும் என்று அவன் வழியில் இருந்தவர்கள் மேலாடையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒதுங்காமல் நின்றவள் படி முடிவில் ஒருத்திதான். கூடையை அவன் முன் நீட்டினாள்.

"கடலை வேணுங்களா?"

அவன் தலை நிமிரவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நழுவிப் போனான். பிலின்னாவுக்கு அப்படியே ஆட வேண்டும் போலிருந்தது.

அன்று மாலையே பெரியப்பா அந்த மாடுகளைக் கொண்டுபோய்ப் புரோதார்க்கஸ் வாசலில் கட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீடு திரும்பினார். ஒரு மாதத்துக்குள் அவன் நிலத்தை விட்டுவிட்டு பக்கத்து நாடான மெகாராவுக்கே போய்விட்டான்.

நாடகம் நடந்த அன்று மாலை பிலின்னா தலைச்சுமையோடு நகர வாசலைத் தாண்டி நடந்தாள். தம்பியின் கல்லறை மேல் கூடையை அப்படியே கவிழ்த்தாள். கடலையும் எள்ளுருண்டையும் மண்ணெல்லாம் உருண்டோடின. முக்காடு இல்லாமல், ஊர் கேட்கச் சத்தமாகச் சொன்னாள்:

"ஒரு பிடி கூட விக்கலடா, எராத்தோன்!"