வலப்பக்கத்து நோய்

அக்காவின் குடலிலிருந்து வெட்டியெடுத்த பகுதி ஆய்வுக்குப் போய்ப் பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. அந்நாட்களில் என்னால் எந்த நூலிலும் ஒரு பக்கத்தை முழுமையாக வாசிக்க இயலவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொடிகாமத்துக்குப் பேருந்தில் போவேன். அக்கா வீட்டில் தேநீர் அருந்துவேன். அடுத்த பேருந்திலேயே திரும்புவேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், ஏன் திரும்பினேன் என்றிருக்கும்.

பெருங்குடற் புற்றுநோய் அக்குடும்பத்துக்குப் புதிதன்று. ஆறாண்டுகளுக்கு முன் அக்காவின் கணவரான அத்தானுக்கு அது வந்திருந்தது. அவருக்கு இடப்பக்கம். செங்குருதியைக் கண்ட மறுநாளே வைத்தியரிடம் ஓடினார், சத்திரசிகிச்சையோடு பிழைத்தார். இன்றும் துவிச்சக்கரவண்டியில் தேங்காய் கட்டிச் சந்தைக்குப் போகிறார். எனவே நோயைப் பற்றி அவ்வீட்டில் அவர் சொல்வதே சட்டம். தமக்கு வந்தது மனைவிக்கும் வந்துவிடக்கூடாதென்ற அச்சத்தில், அன்று தொடங்கி ஒவ்வொரு காலையும் ஒரே கேள்வியைக் கேட்டுவந்தார்.

"இஞ்சாரும், சிவப்பாய் ஏதும் போகுதோ?"

"இல்லையப்பா. உங்கடை குடல் வருத்தத்தை எனக்கும் தந்துபோட்டுத்தான் விடுவியள் போலை."

சென்ற கந்தசஷ்டியின் ஆறாம் நாள், சூரன்போர் பார்த்து நின்ற அக்கா கோயில் மதிலில் சாய்ந்து அப்படியே அமர்ந்துவிட்டார். விரதக் களை என்றோம். பாறணை முடிந்து மாதமொன்று கழிந்த பின்னரும் கிணற்றடிக்குப் போய்வர மூச்சு வாங்கியது. அப்போதும் விரதத்தையே குறைசொல்லி முருங்கையிலை சமைத்தோம். பின்னர் குருதிச்சோகை என்றறிந்து இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள். மலம் கறுத்தது. குளிசையால் கறுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சிவப்பு இல்லையே என்று அத்தான் ஆறுதலடைந்தார். குளிசை உண்டும் சோகை தீராதபோதுதான் குடலுக்குள் கருவி விட்டுப் பார்த்தார்கள். கட்டி வலப்பக்கத்தில் இருந்தது.

சத்திரசிகிச்சை முடிந்த அன்று நான் வைத்தியரிடம் கேட்டேன்: அத்தானுக்கு வந்த நோய்தானே, அவரைப் போலவே அக்காவும் தேறிவிடுவார் அல்லவா? வைத்தியர் ஒரு தாளின் பின்புறத்தில் குடலை வரைந்தார்.

"ஐயா, பேர் ஒண்டு, இடம் வேறை. இடப்பக்கம் ஒடுக்கம். அங்கை கட்டி வந்தால் கெதியா அடைக்கும். இரத்தமும் சிவப்பாய்த் தெரியும். வலப்பக்கம் அகலம், உள்ளுக்குத் தண்ணிப்பதம். கட்டி சத்தம் போடாமல் வளரும். கசியிற இரத்தம் கலந்து நிறம் மாறிப்போகும். ஆளுக்குத் தெரியிறது களைப்பு மட்டுந்தான்."

"அப்ப முடிவும் வேறையோ?"

"தூரத்துக்குப் பரவியிருந்தால் வலப்பக்கம் பொதுவாய்க் கடினம். சில மருந்துகள் அவ்வளவு கேக்காது. பரவாட்டில் பக்கத்தாலை பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்கானிலை ஈரல் சுத்தம். நிணநீர்க் கணுக்களின்ரை முடிவும் வரட்டும்."

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாளும் அத்தான் தம் கதையையே அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் எட்டு மாசத்திலை சைக்கிள் ஓடினனான். உமக்கு ஆறு மாசம் போதும்."

"எனக்கு ஓடவே தெரியாது. முதல்லை பழக்கிவிடுங்கோ."

நான் எழுந்து முற்றத்துக்கு வந்துவிட்டேன். வயிற்றைக் கையால் தாங்கியபடி அக்காவும் மெல்லப் பின்னால் வந்தார்.

"என்னடா தம்பி, முட்டையிட இடம் தேடுற கோழி மாதிரிச் சுத்துறாய்?"

"ஒண்டுமில்லையக்கா."

"டொக்டர் எனக்கும் படம் கீறிக் காட்டினவர்."

நான் நின்றுவிட்டேன்.

"அத்தானுக்குச் சொல்லிப்போடாதை. ஆறு வருசமா ஒருநாள் விடாமல் கேட்ட மனுசன். கேட்ட கேள்வி பிழையெண்டு தெரிஞ்சால் உடைஞ்சுபோவார்."

மறுநாள் முடிவு வந்தது. இரண்டு கணுக்களில் நோய் இருந்தது. அதற்கப்பால் பரவியிருக்கவில்லை. தெல்லிப்பழை வைத்தியசாலையில் மருந்தேற்றத் தொடங்க வேண்டுமென்றார்கள். நான் சொல்லி முடித்ததும் அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"எனக்குக் கணுவிலை இருந்ததோ, தம்பி?"

"இல்லை அத்தான்."

அதன் பின்னர் தம் கதையை அவர் எடுக்கவில்லை.

மருந்தேற்றும் நாளன்று முச்சக்கரவண்டியைப் படலையில் நிறுத்திவிட்டு, நேரமாகிறதென்ற பதற்றத்தோடு உள்ளே போனேன். குசினி வாசலில் அத்தான் நின்றிருந்தார்.

"இஞ்சாரும், கிணத்தடியாலை வரேக்கை மூச்சு வாங்கினதோ?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையசைத்தேன். அத்தான் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. விடைக்காகக் காத்து நின்றார்.

"ஓம்," என்றார் அக்கா. "கொஞ்சம் வாங்கினது."

"அப்ப என்ரை கையைப் பிடியும்."