கரடியின் உடுப்பு கிழியாத ஆறு வாரம்

ஞாயிற்றுக்கிழமை நடந்த மல்யுத்தம் தேறுமா தேறாதா என்று திங்கட்கிழமை காலையில் தையல்காரம்மாவைக் கேட்டால் போதும், பட்டென்று சொல்லிவிடுவாள். சேனல்காரர்கள் புதன்கிழமை அதை ஒளிபரப்பி, எத்தனை வீட்டில் பார்த்தார்கள், எத்தனை பேர் பாதியில் மாற்றினார்கள் என்றெல்லாம் ஆராய்ந்து அடுத்த வாரம் ஒரு கடிதம் போடுவார்கள். அதில் இருப்பதும் இவள் சொன்னதும் ஒன்றாகத்தான் இருக்கும். இத்தனைக்கும் அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிகழ்ச்சி பார்க்கிற ஆளே கிடையாது. ஆட்டம் நடக்கும்போது திரைக்குப் பின்னால் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு நிற்பாள். எந்த நேரத்தில் யாருக்கு எங்கே தையல் விட்டுப்போகும் என்று யார் கண்டது?

அவள் பார்ப்பதெல்லாம் கூடையைத்தான். பத்து வீரர்களும் ஆட்டம் முடிந்ததும் உடுப்பைக் கழற்றி அந்தப் பெரிய பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கக்கத்தில் தையல் விட்டிருந்தால் ஆள் கையைத் தூக்கி எதிராளியை நிஜமாகவே சுமந்திருக்கிறான். தொடை இடுக்கில் கிழிந்திருந்தால் கயிற்றின் மேலிருந்து குதித்திருக்கிறான். முதுகில் மேடைத் துணியின் நீலம் அப்பியிருந்தால் விழவேண்டிய விதத்தில் விழுந்திருக்கிறான். போட்ட மாதிரியே மடிப்புக் கலையாமல் வந்ததா, அவன் மேடையில் ஏறி நடைப்பயிற்சி செய்துவிட்டு இறங்கியிருக்கிறான் என்று அர்த்தம். யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி வைப்பதுதான், அது ஊருக்கே தெரியும். ஆனால் விழுவதைப் பேசிவைக்க முடியாதே. விழுந்துதான் ஆக வேண்டும்.

பதினாறு வருஷமாக இதுதான் வழக்கம். திங்கட்கிழமை பத்து மணிக்கு முதலாளி அவளுடைய அறைக்கு வருவார். வெட்டுகிற மேசையில் சாய்ந்து நின்று, "நேத்து எப்படி தங்கச்சி?" என்பார். அவரும் ஒரு காலத்தில் மேடையில் புரண்டவர்தான். இரண்டு காதும் நசுங்கி, மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து, முகத்திலேயே பழைய கதையெல்லாம் எழுதியிருக்கும். அவள் கூடையைக் கிளறிவிட்டு, "முதல் ஜோடி தேறும்ணே. நடுவுல ரெண்டும் தூக்கம்," என்பாள். அவர் தலையாட்டிவிட்டுப் போய் அந்த இரண்டு ஜோடியையும் வறுத்தெடுப்பார். அடுத்த வாரம் அவர்கள் உடுப்பு கந்தலாகி வரும். அவளுக்கு வேலை கூடும், வாய் திட்டும், மனசு குளிரும்.

அவளுடைய வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கதையே இல்லை. அவர்தான் கரடி. கடைசி ஆட்டத்தின் வில்லன். கறுப்பு உடுப்பு, தோளில் முடி வைத்த துணி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை. அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்தாலே அரங்கம் முழுக்க "ஊ" என்று கத்தும்; வில்லனுக்கு அதுதான் மரியாதை. முன்வரிசையில் ஒரு பாட்டியம்மா வாராவாரம் செருப்பைக் கழற்றிக் காட்டுவாள். இந்தக் கூத்தெல்லாம் மேடையோடு சரி. வீட்டில் மனுஷன் பிள்ளைப்பூச்சி. ஊசி போட்டுக்கொள்ளப் போனால் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். பால்காரர் தண்ணீர் கலந்து கொடுத்தாலும் அதைக் கேட்க மனைவியைத்தான் அனுப்புவார். சும்மா சொல்லக்கூடாது, துணி காயப்போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அந்தக் கரடியின் உடுப்புதான் ஆறு வாரமாகக் கிழியாமல் வந்துகொண்டிருந்தது.

முதல் வாரம் அவள் கண்டுகொள்ளவில்லை. எந்த மனுஷனுக்கும் ஒரு நாள் உடம்பு சரியில்லாமல் போகும். இரண்டாவது வாரம், நாம்தான் நன்றாகத் தைத்திருக்கிறோம் போல என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். மூன்றாவது வாரம் முதுகுப் பக்கம் வெறும் வேர்வை மட்டும் இருந்தது. நீலம் இல்லை. அதைக் கூடைக்கு அடியில் தள்ளிவிட்டாள். அதற்கப்புறம் முதலாளி வந்து கேட்டபோதெல்லாம் கூடையில் மேலாக இருக்கிற நாலு உடுப்பை மட்டும் புரட்டிவிட்டு, பரவாயில்லை, சுமார்தான் என்று மழுப்பினாள். அவரும் வேறு ஆட்களைக் கூப்பிட்டு வறுத்துக்கொண்டிருந்தார். பாவம், அவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

ஆனால் கடைசி ஆட்டம் படுத்துவிட்டால் மொத்த நிகழ்ச்சியும் படுத்துவிடும். ஆட்டம் முடிவதற்குள்ளேயே பின்வரிசை எழுந்து பஸ் பிடிக்கப் போயிற்று. செருப்பைக் காட்டும் பாட்டியம்மாகூட மடியில் பையை வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டாள். ஆறாவது வாரம் சேனலிலிருந்து வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. ஒரு மாதத்துக்குள் நிகழ்ச்சி பழையபடி சூடு பிடிக்காவிட்டால், புதன்கிழமை சாயங்காலத்தை எடுத்துவிட்டு, வீட்டில் யாருமே இல்லாத செவ்வாய் மதியத்துக்குத் தள்ளிவிடுவார்களாம். செவ்வாய் மதியம் என்றால் கதை முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஓட்டை எங்கே என்று திங்கட்கிழமை கண்டுபிடித்தே தீருவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை தையல்காரம்மா எட்டு மணிக்கே அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கூடையிலிருந்து கறுப்பு உடுப்பை எடுத்தாள். பிளேடை எடுத்து ஒரு சாண் நீளத்துக்குத் தையலை ஒன்று விட்டு ஒன்றாக அறுத்து, இரண்டு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். கிழிந்தது. அதைக் கூடையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி மெஷினுக்கு எண்ணெய் போட உட்கார்ந்தாள்.

முதலாளி வந்தார். கேள்வி கேட்கவில்லை. மேலே கிடந்த உடுப்பைத் தானே எடுத்தார். கட்டைவிரலால் கிழிசலைத் தடவினார்.

"பத்து வருஷம் நானும் போட்டுக்கிட்ட உடுப்புதான் தங்கச்சி. கக்கத்துல கிழியும், தொடையில கிழியும். இடுப்போரமா நேர்கோட்டுல கிழிஞ்சு நான் பார்த்ததே இல்ல."

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. திரும்பத் தைக்க எது சுலபமோ அந்தத் தையலாகப் பார்த்து அறுத்திருக்கிறாள். கை பழகிப்போன புத்தி! வேறு எவளாவது செய்திருந்தால் கண்ட இடத்தில் கிழித்திருப்பாள், மாட்டியிருக்க மாட்டாள். முதலாளி கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவர் உடுப்பை மடித்து மேசையில் வைத்தார். நான் சொன்னால் அவன் ஒடிந்து போவான், நீயே சொல்லு, வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடு என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. சொல்ல வாயைத் திறப்பாள், அவர் எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார், வாயை மூடிக்கொள்வாள். அந்த மேடை இல்லாவிட்டால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்பதுதான் அவளுடைய பயமெல்லாம். வாரம் ஆறு நாள் வாயில்லாப் பூச்சியாக இருப்பவருக்கு ஏழாவது நாள் ஊரையே மிரட்டுவதுதான் உயிர். அதைத் தன் வாயால் பிடுங்க வேண்டுமா? புதன்கிழமை சாயங்காலம் டிவியில் அவருடைய ஆட்டமே ஓடிக்கொண்டிருந்தது. எதிராளி புயல் என்கிற இளவட்டம் அவரைத் தூக்கப் பார்க்கிறான், கரடி நழுவி நழுவிக் கயிற்றோரமாகவே சுற்றிவருகிறது. அவளுக்கே பார்க்கச் சகிக்கவில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொல்லிவிட்டாள். கூடை, நீலம் இல்லாத முதுகு, பிளேடு, முதலாளி பிடித்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். கடைசியில், "நிகழ்ச்சி உங்களாலதாங்க படுத்துக்கிச்சு," என்றாள்.

அவர் கோபப்படவில்லை. டிவியில் நழுவிக்கொண்டிருந்த தன்னையே கையால் காட்டினார்.

"முட்டி போச்சு," என்றார். "விழுந்தா எந்திரிக்க முடியுமான்னு பயமா இருக்கு. யார்கிட்ட போய் இதைச் சொல்றது? கரடிக்குப் பயம்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா? அதான் வாராவாரம் உன் கூடையில கொண்டுவந்து போட்டேன். நீ பார்ப்ப, நீ கேப்பன்னு. ஆறு வாரமாச்சு. ஏன் கேக்கவே இல்ல?"

அவளுக்கு அழுகையாக வந்தது, அவர்மேல் கோபமும் வந்தது, தன்மேல் அதைவிட அதிகமாக வந்தது. ஊரிலுள்ள எல்லா உடுப்பையும் படிக்கத் தெரிந்தவள், சொந்தப் புருஷன் சொன்னதைக் கூடைக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறாள். எழுந்துபோய் அவருடைய முட்டியைப் பிடித்துப் பார்த்தாள். வீங்கித்தான் இருந்தது. ஆறு வாரமாக லுங்கிக்குள் மறைத்து வைத்திருந்தாராம், என்ன ஆளோ!

மறுநாள் இரண்டு பேருமாகச் சேர்ந்து போய் முதலாளியிடம் சொன்னார்கள். இந்த ஞாயிறோடு முடித்துக்கொள்வது, ஒரே ஒரு தடவை மட்டும் விழுவது, அதை ஒழுங்காக விழுவது என்று பேசி முடிவாயிற்று. அப்புறம் இளவட்டங்களுக்கு விழச் சொல்லிக்கொடுக்க முதலாளிக்கு ஆள் வேண்டியிருந்தது, அந்த வேலை கரடிக்கு என்றாயிற்று. அவருக்கும் அதில் சந்தோஷம்தான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ரொம்ப நாளைக்கப்புறம் மெல்லப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கரடி மூலையில் நின்று மிரட்டியது. புயலின் முடியைப் பிடித்துச் சுழற்றியது, நடுவரின் சட்டையைப் பிடித்தது, முன்வரிசையைப் பார்த்து வாயில் வந்தபடி ஏசியது. பன்னிரண்டு நிமிஷம் ஆள் மூலையை விட்டு நகரவே இல்லை, ஆனால் ஒருத்தர் எழுந்து போகவில்லை. கடைசியில் புயல் தலைக்கு மேல் தூக்கி ஒரே போடாகப் போட்டான். மேடை அதிர்ந்தது. திரைக்குப் பின்னால் தையல்காரம்மா ஊசியைத் தன் விரலிலேயே குத்திக்கொண்டாள். நடுவர் மூன்று எண்ணினார். புயல் கை கொடுத்துத் தூக்கிவிட, கரடி நொண்டிக்கொண்டே எழுந்து நின்றது.

கரடிக்கு இதுதான் கடைசி மேடை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பிறகு யாரோ கைதட்டினார்கள். அப்புறம் பத்துப் பேர், நூறு பேர். பாட்டியம்மா எழுந்து நின்று தட்டினாள். பதினாறு வருஷத்தில் அந்த மனுஷனுக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. திரை இடுக்கு வழியாக அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது. வில்லனுக்குக் கைதட்டினால் அவன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றல்லவா ஆகிறது? கையை எங்கே வைப்பதென்றுகூடத் தெரியாமல், தொலைந்துபோன பிள்ளை மாதிரி நின்றார்.

அவளால் பொறுக்க முடியவில்லை. திரையை விலக்கிக்கொண்டு, கழுத்தில் அளவு டேப்போடு, வெளிச்சத்துக்கே வந்துவிட்டாள். அடிவயிற்றிலிருந்து குரலெடுத்து, "ஊ" என்று கத்தினாள்.

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பாட்டியம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. தட்டுவதை நிறுத்திவிட்டு அவளும் கத்தினாள். அவ்வளவுதான், மொத்த அரங்கமும் பிடித்துக்கொண்டது. கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி "ஊ" என்று கத்தினார்கள். கத்தியவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கரடி நிமிர்ந்து நின்றது. எல்லோரையும் பார்த்து முஷ்டியை ஆட்டியது, பல்லைக் காட்டி உறுமியது, கயிற்றை உதைத்தது. பதினாறு வருஷத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை.