இரண்டாவது பொட்டலம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஒரு தை மாதக் காலை. உத்தமபாளையம் பக்கத்தில், என் புகுந்த வீட்டுக் குலசாமி கோயிலில் நடந்தது இது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இங்கிலாந்துப் பைத்தியம். வெள்ளைக்காரர்கள் அணை கட்டப் போட்ட முகாமான லோயர் கேம்பில் அப்பா வேலை பார்த்தபோது, அங்கிருந்த இன்ஜினீயர் துரையின் மனைவி ஒரு படப் புத்தகம் தந்தார். பனி மூடிய கூரைகள், மாடி வைத்த பஸ், குடை பிடித்துப் போகிற கூட்டம். என்றைக்காவது என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போவேன் என்று, கல்யாணம் ஆகும் முன்பே முடிவு செய்திருந்தேன்.

வாய்த்ததோ கதர் கட்டுகிற மாமனார். அவருக்கு வெள்ளைக்காரன் என்ற பேச்சே ஆகாது. உங்கள் வயலுக்குப் பாய்வதே அவன் கட்டிய அணைத் தண்ணீர்தானே என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும். கேட்டதில்லை.

டாக்டர் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போன என் கணவர், பிள்ளைகளோடு கிளம்பி வரும்படி எழுதினார். மாமனார் மருமகளிடம் நேராகப் பேசமாட்டார். சொந்தபந்தம் கூடியிருந்த கூடத்தில் தூணைப் பார்த்துச் சொன்னார்: "போறவுக போகட்டும். பிள்ளைக இங்கன இருக்கட்டும்."

பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படிப் போவேன்? ஒரு வாரம் அழுதேன், பட்டினி கிடந்தேன். கடைசியில் மாமனாரே, பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். இரண்டு இலைப் பொட்டலங்கள், ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு. வெள்ளை வந்தால் பிள்ளைகள் போகலாம், சிவப்பு வந்தால் இல்லை. பொட்டலம் கட்டியவரும் அவர்தான். இரண்டிலும் சிவப்பை வைத்திருப்பாரோ என்று பயந்தேன்.

"ஒண்ணை எடு ஆத்தா" என்று என் நாலு வயது மகளை முன்னால் விட்டார். அவள் ஒன்றைத் தொட்டாள். கையை எடுத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணால்கூட நான் எதுவும் காட்டக் கூடாது. சாமியைப் பார்த்தபடி நின்றேன். மற்றதை எடுத்துக் கொடுத்தாள்.

பூசாரி பிரித்தார். நந்தியாவட்டை. வெள்ளை.

நான் அழுதுவிட்டேன். ஆனால் நாத்தனார் விடவில்லை. பூசாரியை நான் கையில் போட்டுக்கொண்டு பொட்டலத்தை மாற்றிவிட்டேன் என்று அவளுக்குச் சந்தேகம். "அய்யா, இன்னொண்ணையும் பிரிச்சுப் பாப்பம்" என்றாள். அதில் சிவப்பு இல்லையென்றால் எல்லாம் பாழ்.

மாமனார் குனிந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். "சாமி சொல்லிருச்சு. மறுக்கா கேக்கிறது மரியாதை இல்ல. ஆத்துல விட வேண்டியதுதான்."

திரும்பும் வழியில் ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினார். மற்றவர்கள் முன்வண்டியில் போய்விட்டார்கள். இறங்கிப்போய், என் கண்ணெதிரே பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் உதறினார். மிதந்து போனதும் நந்தியாவட்டைதான்.

பத்துப் பேர் முன்னால் சொன்ன சொல்லை அவரால் திரும்ப வாங்க முடியவில்லை. அதற்குத்தான் சாமியைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார். வண்டியில் ஏறியவர், முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்: "என் மகன் அங்கன தனியா உக்காந்து திங்கிறான். பிள்ளைகளைக் கொண்டு போய்க் காட்டு."

அதன் பிறகு எத்தனையோ தடவை அந்த நாட்டுக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு முறை அங்கே கால் வைக்கும்போதும், அந்த மண்ணைக் கடைசிவரை வெறுத்தும் எங்களை அங்கே அனுப்பி வைத்த மனிதரைத்தான் முதலில் நினைத்துக்கொள்கிறேன்.