ஜூஸ் பாட்டில்

பால் கறக்கும் இயந்திரக் குழாய்களைக் கழுவுகிற, தோலைப் பொசுக்கும் காரக் கரைசலை ஆப்பிள் ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பது டோர்லாவின் கொழுந்தன் ஆர்டெலுக்குப் பழக்கம். போன கோடையில் அவள் கணவன் வெர்லின் தெரியாமல் அதைக் குடித்தபோது, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைத்ததும் ஆர்டெல்தான். மேலேறிய காரம் தொண்டையை மறுபடியும் பொசுக்கியதாக டாக்டர் பிறகு டோர்லாவிடம் சொன்னார். வெர்லின் பிழைக்கவில்லை.

இன்று வைக்கோல் அடுக்கிய தாகத்தில் ஆர்டெலே அதில் ஒரு வாய் குடித்துவிட்டான்.

"உப்புத் தண்ணி குடு டோர்லா! வாந்தி எடுக்கணும்!"

உப்பு டப்பா அருகில்தான் இருந்தது. அவள் கை அதன்மேல் சற்று நின்றது.

"வாந்தி எடுக்காதே. வாயைக் கொப்பளிச்சுத் துப்பு," என்றவள் ஆம்புலன்ஸை அழைத்தாள்.

"நீ நல்லவ..."

"வாயை மூடு. செத்துத் தப்பிக்கலாம்னு பாக்குறியா? இனிமே ஒவ்வொரு வாய் காபி விழுங்கும்போதும் உனக்கு வெர்லின் ஞாபகம் வரணும்."