தென்னூர் போகாத ஞாயிற்றுக்கிழமை

கார்கில் சண்டை நடந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. ஸ்ரீரங்கத்தில் எங்களோடு இருந்த அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை தென்னூர்க்காரர், பீரங்கிப் படையில் கேப்டன். சண்டை வந்து முகூர்த்தம் தள்ளிப்போனதால் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

அவர் எழுதுவதை ராணுவத்தில் யாராவது பிரித்துப் பார்ப்பார்கள் என்று அப்பா சொல்வார். இங்கே அந்த வேலையை அப்பாவே பார்த்தார். கல்யாணமாகாத பெண்ணுக்கு வரும் கடிதத்தை வீட்டுப் பெரியவர் படிப்பதில் அவருக்குத் தப்பே தெரியவில்லை. அத்தையும் தன் பதிலை ஒட்டாமல் மேஜைமேல் வைத்துவிடுவாள். அதனால் அவர் அங்கத்திய குளிரைப் பற்றியும், இவள் இங்கத்திய வெயிலைப் பற்றியும் எழுதினார்கள். ரேடியோ வானிலை அறிக்கையே தேவலை. இவர்களுக்கு ஒருவரையொருவர் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

ஒருநாள் வந்த கடிதத்தை அப்பா இரண்டு தடவை படித்தார். பீரங்கிச் சத்தத்தில் மாப்பிள்ளையின் இடது காது போய்விட்டதாம், இனி வராதாம். அத்தைக்குச் சம்மதமில்லை என்றால் வருத்தப்பட மாட்டேன் என்றும் எழுதியிருந்தார்.

"மறைக்காம சொன்னாரே, நல்ல மனுஷன்தான். ஆனா தெரிஞ்சே எப்படிம்மா கொடுக்கறது? ஞாயித்துக்கிழமை தென்னூர் போயி பக்குவமா சொல்லிட்டு வந்துடறேன்" என்றார் அப்பா அத்தையிடம்.

நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்துச் சம்மதம் வாங்கினேன். தென்னூர் போனால் ரோஸ்மில்க் நிச்சயம்.

அத்தை அழவில்லை, வாதாடவும் இல்லை. ஒரு இன்லண்டு லெட்டர் எடுத்து எழுதி, வழக்கம்போல மேஜைமேல் வைத்தாள். அப்பா படிக்கும்போது நானும் எட்டிப்பார்த்து எழுத்துக்கூட்டினேன். இந்த வாரம் வெயில் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். அதற்குக் கீழே ஒரே வரி: "மணையில் நான் உங்களுக்கு வலது பக்கம்தான் உட்காருவேன்."

பஸ்ஸில் கர்ச்சீப் போட்டு இடம் பிடிப்பது மாதிரி இருந்தது எனக்கு. இதை எதற்கு இப்போதே எழுத வேண்டும், கல்யாணத்தன்று சொன்னால் போதாதா என்று கேட்டேன். அப்பா கடிதத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, சட்டையை மாட்டிக்கொண்டு, தானே போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். தென்னூர் போகவில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சமாதானம் செய்ய வந்த அத்தையின் கண்களும் ஈரமாக இருந்தன. பாவம், அவளுக்கும் ரோஸ்மில்க் மேல் ஆசை இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.