மூன்றாவது குரல்

மானிடவியல் படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது பயந்துபோய் ஒன்றைச் சொன்னால், இது வேறு எந்தெந்த நாட்டில் இருக்கிறது என்றுதான் முதலில் யோசிப்போம். எனக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகம்.

கோத்தகிரிக்குக் கீழே ஒரு சின்னத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் நம்பிக்கைகளைப் பற்றி எழுதுவதற்காக அவர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் எட்டு மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா கொழுந்து பறிப்பவர். மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் என்பதால் என்னை டீச்சர் என்பார். என் நோட்டில் பாதி அவர் சொன்னதுதான்.

அதில் ஒன்று இது. மூடுபனி இறங்கியிருக்கும்போது தோட்டத்துக்குள்ளிருந்து யார் கூப்பிட்டாலும் உடனே பதில் கொடுக்கக் கூடாது. மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்.

"மனுசன்னா மூணாவது தடவையும் கூப்புடுவானுங்க டீச்சர். அது ரெண்டோட நிறுத்திக்கும்."

"எதுங்க்கா?"

"அதுதானுங்க," என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

பனியில் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது, குரலை நம்பி நடந்தால் சரிவில் விழ வேண்டியதுதான், அதனால்தான் நின்று நிதானிக்கச் சொல்கிறார்கள் என்று அன்றைக்கு எழுதினேன். அடிக்கோடும் போட்டேன். என் அறிவை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள். மாலை நான்கு மணி இருக்கும். பஸ்ஸை விட்டிறங்கித் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் வந்துகொண்டிருந்தேன். பனி சட்டென்று இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. அந்தச் சரிவில் போனுக்கு டவரும் கிடைக்காது.

"டீச்சர்."

இடது பக்கம், கீழேயிருந்து. அக்காவின் குரல். நின்றேன்.

"டீச்சர்."

முதலில் கேட்டது போலவே இருந்தது. பதில் வராவிட்டால் மனிதர்கள் இரண்டாவது தடவை சத்தத்தைக் கூட்டுவார்கள். இது துளியும் கூட்டவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன். அடிக்கோடு போட்ட அறிவாளி, மூன்றாவது குரலுக்காகக் காத்து நின்றேன். அது வரவில்லை. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நேராக வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்டேன்.

போட்டதும் நோட்டை எடுத்து, "இன்று எனக்கே நேர்ந்தது" என்று எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆறு மணிக்கு லைன் பெண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். அக்கா கொழுந்து எடை போடும் இடத்துக்கு வரவே இல்லையாம். குறுக்குப் பாதைக்கு இடது பக்கம் தேடுங்கள் என்றேன். எப்படித் தெரியும் என்று அந்த அவசரத்தில் யாரும் கேட்கவில்லை. டார்ச்சுடன் போனவர்கள், தேயிலைச் செடிகளுக்கு நடுவே வெட்டியிருந்த ஆழமான வாய்க்காலில் அவரைக் கண்டார்கள். இடுப்பெலும்பு முறிந்து, உடம்பு சில்லிட்டுக் கிடந்தாராம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார்கள்.

மூன்றாம் நாள் மன்னிப்புக் கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலருகே உட்கார்ந்து, "அக்கா, அன்னைக்கு நீங்க கூப்பிட்டப்போ..." என்று ஆரம்பித்தேன்.

"நான் எங்கீங்க கூப்புட்டேன்? விழுந்ததும் மூச்சே அடைச்சுப்போச்சு. நீங்கதானே மேலயிருந்து அக்கான்னு கூப்புட்டீங்க. ரெண்டு தடவ."

அன்றைக்குப் பனியில் நான் வாயே திறக்கவில்லை. அந்த உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பு கூடியதும் அவர் அதே சரிவுக்குத்தான் கொழுந்து பறிக்கப் போக வேண்டும். வேறு பிழைப்பு இல்லை.

"ஆமாங்க்கா, நான்தான்," என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. பெருமூச்சு விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, கோபமே இல்லாமல் கேட்டார்.

"இன்னொருக்கா கூப்புட்டா எப்படியாச்சும் சத்தம் குடுத்தறலாம்னு காத்துட்டே கெடந்தேனுங்க டீச்சர். மூணாவது தடவ ஏனுங்க கூப்புடாம போயிட்டீங்க?"